பூஜையில் வைத்த மீன்

“பிள்ளைக்கு மீன் வாங்கிக் கொடுத்தியா, இல்ல மீனுக்குப் பிள்ளையைக் காவல் வச்சியா?” என்று கேட்டுவிட்டு நெல்லைநாயகம் உள்ளறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். கேட்ட வாயில் பருப்பு வடையின் எண்ணெய் இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைக்கு மீன் வாங்கிக் கொடுத்தியா, இல்ல மீனுக்குப் பிள்ளையைக் காவல் வச்சியா. செண்பகம் அந்த வாக்கியத்தை எழுத்துப் பிசகாமல் தனக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த மனுஷர் இவ்வளவு கச்சிதமாக ஒன்றைப் பேசினதே கிடையாது. சாம்பாரில் உப்பு இல்லையென்றால்கூட, இல்ல, வந்து, ஏதோ ஒண்ணு குறையுது என்று இழுப்பார். கடைசியில் அவளே ருசி பார்த்து, அவளே உப்பைப் போட்டு, அவளே குற்றவாளி மாதிரி நிற்க வேண்டும். இதை மட்டும் எங்கே உட்கார்ந்து யோசித்தாரோ. பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே யோசித்திருப்பார். அவளும் சும்மா விடவில்லை. “காலையில பூவை அள்ளி அள்ளிப் போட்டீங்களே, அப்ப எங்க போச்சு இந்தக் கண்ணு?” என்று கேட்டாள். நல்ல பதில்தான். ஆனால் நல்ல பதில் சொன்னால் உடனே நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி இறங்குமே, அது இறங்கவில்லை. பாத்திரம் விளக்க வருகிற முத்துலட்சுமி வீட்டிலும் சரஸ்வதி பூஜை, இன்றைக்கு அவள் வரவில்லை என்பதால் பாத்திரத் தொட்டி நிறையப் பாத்திரம் கிடந்தது. பாயசம் அடிப்பிடித்த உருளி, வடைச்சட்டி, சுண்டல் குக்கர், இலையில் சாப்பிட்டால் பாத்திரம் குறையும் என்று சொன்னவர்கள் எல்லாம் எந்த வீட்டில் சாப்பிட்டார்களோ. குழாயைத் திறந்தாள். தண்ணீர் சட்டென்று கொட்டி முகத்தில் தெறித்தது. முழங்கையால் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, வேண்டாம் என்று நினைத்தும், கண் கூடத்துக்குப் போயிற்று. சமையலறையிலிருந்து கூடத்தைப் பார்க்க வசதியாக வளைவு வைத்துக் கட்டச் சொன்னவளே அவள்தான். பிள்ளைகள் படிக்கிறார்களா என்று அடுப்படியிலிருந்தே பார்க்கலாம். இப்போது பார். சுவரோரம் பலகை, பலகையில் பச்சைப் பட்டுத் துண்டு, துண்டின் மேல் அடுக்கிய புத்தகங்கள், புத்தகங்களுக்கு நடுவில் உருண்டைக் கண்ணாடித் தொட்டி, தொட்டிக்குள் தண்ணீரின் மேல்விளிம்பில் வாயை வைத்துத் திறந்து திறந்து மூடுகிற அந்த ஆரஞ்சு மீன். அதன் முன்னால் சம்மணம் போட்டு, முதுகை நிமிர்த்தி, உமையாள்.

யோசனை என்னவோ நல்ல யோசனைதான். யாரிடம் வேண்டுமானாலும் கேட்கட்டும். ஆறு வயதில் ஒரு பிள்ளை ஒரு வருஷத்தில் எத்தனை தண்ணீர் பாட்டில் தொலைக்கலாம் என்று ஒரு கணக்கு உண்டா இல்லையா? டிபன் டப்பா வரும், மூடி வராது. குடை போகும், உறை வரும். பெற்றோர் கூட்டத்தில் அந்த டீச்சர், பார்த்தால் நேற்றுத்தான் காலேஜ் முடித்த மாதிரி இருப்பாள், சிரித்துக்கொண்டே, “ஷி இஸ் எ ட்ரீமர், மேம்” என்றாள். ட்ரீமராம். செண்பகம் படித்த கான்வென்டில் அந்த வார்த்தைக்கு முழங்காலில் நிற்க வைப்பார்கள். மூத்தவன் கோயம்புத்தூரில் என்ஜினீயரிங் சேர்ந்து, வீடு காலியாகி, இனி என்ன என்று உட்கார வேண்டிய வயதில் செண்பகம் ஓடிக்கொண்டிருக்கிறாள், உமையாள் அவ்வளவு தாமதமாக வந்து பிறந்தவள். தாமதமாக வந்தது செல்லம் கொடுக்க அல்ல. நேரம் குறைவு என்று அர்த்தம். தனக்கு ஏதாவது ஆகிவிட்டால், சர்க்கரை இருக்கிறது, பிரஷர் இருக்கிறது, அம்மாவுக்கு வந்தது தனக்கும் வராது என்று யார் எழுதிக் கொடுத்தார்கள், இந்தப் பிள்ளை மூடியில்லாத டப்பாவோடு உலகத்தில் நிற்குமே. அதனால் ரெஸ்பான்சிபிலிட்டி. அந்த வார்த்தையைச் சொல்லும்போதே நாக்கு நிமிர்ந்து உட்காருகிறது. நாய் என்றால் குரைக்கும், பூனை என்றால் முடி உதிரும், கிளி வளர்க்கக் கூடாதாம், போலீஸ் வருமாம். மீன்தான். வாய் இருந்தும் சத்தம் போடாத ஒரே ஜீவன். “நம்ம வீட்டுக்குள்ளயா, மீனா?” என்று இவர் வாய் பிளந்தார். பரம்பரை பரம்பரையாகச் சைவம், பக்கத்து வீட்டில் கருவாடு வறுத்தால் ஜன்னலைச் சாத்துகிற குடும்பம். திங்கறதுக்கா வாங்குதோம், படிப்பிக்கிறதுக்கு என்று அவள் சொன்னாள். சொன்னாளே ஒழிய, தீனி டப்பாவைத் திறந்ததும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். சமையலறைப் பக்கமே அது வரக்கூடாது, பின்கட்டில் வாஷிங் மிஷின் மேலேதான் இருக்கும், தண்ணீர் மொள்ள ஒரு சிவப்புக் கப்பு தனி, மீனைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் தொடக்கூடாது என்று சட்டம் போட்டாள். கடைக்காரன் பாலித்தீன் பையில் கட்டிக் கொடுத்த மீனை உமையாள் மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தாள். வழியெல்லாம் குமிழி விட்டது என்று சோடா என்று பெயர் வைத்தாள். அன்றைக்கே சொல்லியாயிற்று. இது முழுக்க உன்னுடையது. நீதான் போடணும், நீதான் மாத்தணும். நான் தொடமாட்டேன். செத்தாலும் தொடமாட்டேன். இதுவும் உனக்கு ஒரு பாடம்தான். கண்டிப்புக்காகப் பாதி, நாற்றத்துக்காகப் பாதி என்று இப்போது உருளியைச் சுரண்டும்போது தோன்றுகிறது. அப்போது அப்படித் தோன்றவில்லை. அப்போது எல்லாமே கண்டிப்பு மாதிரிதான் இருந்தது.

உருளி விடுவேனா என்கிறது. அடியில் கறுப்பாக ஒரு வட்டம். கம்பி நாரைப் போட்டு அழுத்தினால் விரல் நுனி எரிகிறது. வெண்கலத்தில் வைத்தால்தான் பாயசம் பாயசமாக இருக்கும் என்று இவர் சொல்வார், விளக்குகிற கை அவருடையதா? சரி, பாடம் பலித்ததா இல்லையா. பலித்தது. ஜூன் மாதத்தில் வந்த மீன், அந்தப் பிள்ளை காலையில் எழுந்ததும் பல் விளக்குவதற்கு முன்னால் தீனி போடுகிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் மாற்றுகிறது. முந்தின நாளே வாளியில் பிடித்து வைத்த தண்ணீர், அதில்கூடத் தவறு இல்லை. காய்ச்சலில் கிடந்தபோதுகூட எழுந்து போய்ப் போட்டுவிட்டு வந்து படுத்தாள். பாட்டில் தொலைவதும் நின்றது. போன கூட்டத்தில் அந்தச் சின்ன டீச்சர், வெரி சின்சியர் சைல்ட் என்றாள். ட்ரீமர் என்று சொல்லவில்லை. செண்பகம் அன்றைக்கு ஆட்டோவில் திரும்பும்போது, தன் கான்வென்ட் சிஸ்டர் லியோனி இதைப் பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் ஒன்று. முதல் வாரத்தில் உமையாள் தொட்டியில் மூக்கை அழுத்திப் பன்றி மாதிரி முகம் காட்டுவாளே, மீன் திரும்பிப் போனால், ஏய் சோடா, முறைக்கிறியா என்று கேட்பாளே, அது எப்போது நின்றது? யோசித்தாள். ஆடி மாதம் இருந்ததா? ஆடி வெள்ளிக்கு மாவிளக்குப் போட்ட அன்றைக்குத் தொட்டிப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்ட ஞாபகம். அல்லது அது டிவியா? அதற்குப் பிறகு தீனி போட்டாள், தண்ணீர் மாற்றினாள், கை கழுவினாள். வருகைப் பதிவு எடுக்கிற மாதிரி. தீனி கூடிப் போச்சு என்று ஒரு தடவை கையில் அடித்தது உண்டு. பலமாக அல்ல. கரண்டி கையில் இருந்தது, கரண்டியின் காம்பால், லேசாக. மிதந்த தீனியைப் பார்த்ததும் வந்த ஆத்திரம். அதற்கு முன்பா, அதற்குப் பின்பா அந்தச் சிரிப்பு? இதையெல்லாம் யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள். ஒரு வீட்டில் சத்தம் வருவது தெரியும். நின்றது எந்த நாள் என்று யாருக்குத் தெரியும்.

காலையில் எல்லாம் நன்றாகத்தான் தொடங்கியது. மிக்சிக்கு, கிரைண்டருக்கு, அரிவாள்மனைக்கு, இவருடைய ஸ்கூட்டருக்கு என்று அவள் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு வந்தாள். கூடத்துக்கு வந்தால், கணக்குப் புத்தகத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் நடுவில் இடம் ஒதுக்கி, இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு வந்து, உமையாள் மீன் தொட்டியை வைத்துக்கொண்டிருந்தாள். என்னட்டி இது என்றதற்கு, இதுவும் பாடம்தானே, நீதானே சொன்னே என்றாள். இதற்குத்தானே இவ்வளவும். தொட்டியின் நெற்றியில் செண்பகமே சந்தனம் அப்பி, அதன் மேல் குங்குமம் வைத்தாள். போட்டோ எடுத்தாள். பிள்ளை, புத்தகம், மீன். ஸ்டேட்டஸில் போட்டாள். பொறுப்பும் ஒரு கல்வி என்று கீழே எழுதினாள். கோவில்பட்டி அக்காவிலிருந்து மாடிவீட்டு மாமி வரைக்கும் கைகூப்பும் படமும் இதயப் படமுமாக வந்து விழுந்தன. வடை சுடும்போதுகூட இடது கையால் எடுத்து எடுத்துப் பார்த்தாள். பிறகு பூஜை. இவருக்குப் பூஜை என்றால் தாராளம்தான். கையைச் சுருக்காமல் சாமந்தியை உதிர்த்து உதிர்த்துப் போட்டார், மஞ்சள் அரிசியை வீசினார். சாம்பிராணிப் புகையில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தபோதுதான் இவர் பார்த்தார். தொட்டித் தண்ணீர் மோர்க்குழம்பு நிறத்தில் இருந்தது. சாமந்தி இதழ், குங்குமம் கரைந்த கோடு, அடியில் அரிசி. மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. பாப்பா, தண்ணிய மாத்தும்மா என்று சொல்லியிருக்கிறார். இன்றைக்கு மாற்ற வேண்டிய முறைதான். உமையாள் மாட்டேன் என்றாள். பூஜையில் வைத்ததை நாளைக்கு மறுபூஜை முடிந்துதான் தொடணும். தொட்டால் படிப்பு வராது. இவர் சிரித்துக்கொண்டே தொட்டியை எடுக்கப் போக, குறுக்கே விழுந்து, “ஃபெயில் ஆயிருவேன்ப்பா” என்று கத்தினாள் பாருங்கள், அந்தக் கத்தலில் இவர் கையை இழுத்துக்கொண்டார். நாளைக்கு ஏதாவது மார்க் குறைந்தால் நீ என்னைத்தான் சொல்லுவே என்று செண்பகத்திடம் வேறு ஒரு வார்த்தை. அதற்கப்புறம்தான் அந்தக் காவல் வாக்கியம். நீயே ஆச்சு, உன் பிள்ளையே ஆச்சு என்று போய்ப் படுத்தாயிற்று. இப்போது குறட்டை வருகிறதா என்று காது கொடுத்தாள். இல்லை. தூங்கவில்லை. அங்கிருந்தபடி கேட்டுக்கொண்டிருக்கிறார்.

எடுத்துவிட வேண்டியதுதானே. இதில் என்ன இருக்கிறது. கையைத் துடைத்துக்கொண்டு, வளைவைத் தாண்டி, தொட்டியைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போக எவ்வளவு நேரமாகும். ஆனால் எடுத்தால்? அம்மா போடுகிற சட்டத்தை அம்மாவே எடுத்துவிடுவாள், கொஞ்ச நேரம் பொறுத்தால் போதும் என்று ஆகிவிடும். அப்புறம் பாட்டில் தொலையும். குடை தொலையும். அதுவும் இல்லாமல், செண்பகம் நிஜமாகவே நம்புகிறாளா, பூஜையில் வைத்ததைத் தொட்டால் படிப்பு வராது என்று? எம்.எஸ்ஸி. பாட்டனி. நம்பவில்லை. ஆனால் காலையில் அவசரத்துக்கு மளிகைச் சீட்டில் எழுதப் பேனா தேவைப்பட்டபோது, இவருடைய பேனா பலகையில் இருந்தது, எடுக்கவில்லை. கண்மைப் பென்சிலால் எழுதினாள். நம்பாமல் இருப்பது வேறு, தொடுவது வேறு. வேண்டாம், அந்தப் பிள்ளையே எடுக்கட்டும். அதுதான் சரி. அந்தப் பிள்ளையே மனசு பொறுக்காமல் எழுந்து, சாமியாவது பூதமாவது என்று ஒரு கையை விடட்டும். அவள் காணாதது மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். அதற்காகவே குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டாள். பாத்திரங்களைச் சத்தம் வருகிற மாதிரி உருட்டினாள். என்ன வேடிக்கை. காலையில் எழுந்ததிலிருந்து, இல்லை, அந்தப் பிள்ளை பிறந்ததிலிருந்து, சொன்னபடி கேள் சொன்னபடி கேள் என்று தொண்டை வறண்டவள், இப்போது ஒரே ஒரு தடவை சொன்னபடி கேட்காதே என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டு நிற்கிறாள். திரும்பிப் பார்த்தாள். உமையாள் அசையவில்லை. பட்டுப்பாவாடை வட்டமாக விரிந்திருக்க, கை இரண்டும் மடியில். கண் மட்டும் மீன் மேல். மீன் ஒரு தடவை அடியில் இறங்கி, பக்கவாட்டில் சரிந்து, மறுபடி மேலே வந்தது. “சரஸ்வதியும் ஒரு அம்மாதான் பிள்ளே, வாயில்லாத ஜீவனுக்குத் தண்ணி மாத்தினா கோவிச்சுக்கிட மாட்டா” என்று சுவரைப் பார்த்துச் சொல்வது மாதிரிச் சொன்னாள். ரூல்னா ரூல்தான்மா என்று பதில் வந்தது. குரலில் அழுகை இல்லை. அது செண்பகத்தின் வாக்கியம். ஏற்ற இறக்கம்கூட அவளுடையது.

ரூல்னா ரூல். அவளுக்கு அது சிஸ்டர் லியோனியிடமிருந்து வந்தது. கான்வென்ட் வராந்தாவில் தமிழ் பேசியதற்காக மாதா சிலை இருக்கிற கெபி பக்கத்தில் நிற்க வைத்து, நான் வந்து சொல்லும்வரைக்கும் நகரக்கூடாது என்றார் சிஸ்டர். விருந்தினர் அறைக்கு யாரோ பிஷப் வீட்டு ஆட்கள் வந்து அவரைக் கூப்பிட்டார்கள், போனவர் மறந்துவிட்டார். மணி அடித்தது. பிள்ளைகள் எல்லாம் போனார்கள். விளையாட்டு மைதானத்தைப் பெருக்கினார்கள். விளக்குப் போடுகிற நேரத்தில் வாட்ச்மேன் வந்து, ஏம்மா நிக்கே, வீட்டுக்குப் போ என்றார். சிஸ்டர் சொல்லலை என்றாள் சின்னச் செண்பகம். அவர் போய்ச் சிஸ்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார். மறுநாள் அசெம்ப்ளியில் அவளை மேடையில் ஏற்றி, இதோ கீழ்ப்படிதல் என்றால் என்னவென்று தெரிந்த ஒரு பிள்ளை என்று தோளில் கை வைத்தார்கள். பள்ளிக்கூடமே கைதட்டியது. தங்க விளிம்பு போட்ட குழந்தை இயேசு படம் ஒன்று பரிசு. அது இன்றைக்கும் பூஜை அலமாரியில் முருகனுக்குப் பின்னால் இருக்கிறது. இந்தக் கதையை உமையாளுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பாள். சோறு ஊட்டும்போது, தலை பின்னும்போது, அடம் பிடித்தால். கைதட்டலில் கொண்டுபோய்க் கதையை முடிப்பாள். உமையாள் ஒரு தடவை, அவ்வளவு நேரம் நின்னியே, கால் வலிக்கலையா என்று கேட்டாள். வலிக்கலை என்றாள் செண்பகம். வடைச்சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். கை நழுவிச் சட்டி பாத்திரத் தொட்டிக்குள் விழுந்து பெரிய சத்தம் எழுந்தது. உள்ளறையில் கட்டில் கிறீச்சிட்டது. யாரும் வரவில்லை.

“ம்மா.”

கூடத்திலிருந்துதான். செண்பகத்துக்கு உடம்பெல்லாம் காதாயிற்று. வந்துவிட்டது, பொறுக்க முடியாமல் வந்துவிட்டது, எடுக்கட்டுமா என்று கேட்கப் போகிறாள், கேட்கக்கூட வேண்டாம், சரி எடு என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டாள்.

“என்னட்டி?”

“தொட்டா அடிப்பியா, செத்தா அடிப்பியா?”

கேட்ட விதத்தில் குறும்பு இல்லை. வம்பு இல்லை. ஐந்தும் மூன்றும் கூட்டினால் எட்டா ஒன்பதா என்று கேட்கிற மாதிரி. விடை தெரிந்தால் அதன்படி செய்துவிடலாம் என்கிற மாதிரி. செண்பகம் குழாயை மூடினாள். மூடிய பிறகுதான் அவ்வளவு நேரம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது தெரிந்தது. தொட்டால் அடிப்பியா. செத்தால் அடிப்பியா. அந்தப் பிள்ளை இவ்வளவு நேரம் உட்கார்ந்து மீனைப் பார்க்கவில்லை. இரண்டு அடிகளை எதிர் எதிரே வைத்து, எது சின்னது என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. சோடா பாவம் என்று ஒரு வார்த்தை வரவில்லையே. ஐயோ சாகுதே என்று ஒரு வார்த்தை. வருமென்றுதானே அவள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். எங்கிருந்து வரும். அன்றைக்குக் கான்வென்டில் அவள் நின்றபோது வந்ததா? கெபி பக்கத்தில் நின்ற அந்தப் பிள்ளை சிஸ்டரை நினைத்துக்கொண்டா நின்றது, மாதாவை நினைத்துக்கொண்டா? போனால் என்ன அடி கிடைக்கும், நின்றால் வீட்டில் என்ன அடி கிடைக்கும், அதைத்தான் நினைத்தது. அது ஒன்றைத்தான், திருப்பித் திருப்பி, எறும்பு வரிசை ஒன்று செத்த பூச்சியின் இறக்கையை இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்தபடி. பாவாடை நனைந்துவிட்டது. கதையில் அது ஒரு தடவைகூட வந்ததில்லை. நனைந்த பாவாடையைப் புத்தகப் பையால் மறைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனாள். மறுநாள் கைதட்டினார்கள். பள்ளிக்கூடமே கைதட்டியது. அத்தனை கையும் தட்டியது பயத்துக்கு. அதை அவள் வேறு ஏதோ பெயர் சொல்லிப் பத்திரப்படுத்தி, முருகனுக்குப் பின்னால் வைத்து, இத்தனை வருஷம் விளக்கேற்றி. இருக்காது. அப்படி இருக்காது. சிஸ்டர் லியோனி நல்லவர், ஆங்கிலக் கட்டுரையில் இவளுக்குத்தான் எப்போதும் நல்ல மார்க். அப்படியென்றால் ஏன் இந்தக் கால் இப்போது வலிக்கிறது. பாத்திரத் தொட்டிக்கு முன்னால் நின்றதாலா? இருக்கலாம். சர்க்கரைக்குக் காலில்தான் முதலில் தெரியும் என்பார்கள். பதில் சொல்ல வேண்டும். பிள்ளை கேட்டுவிட்டுக் காத்திருக்கிறது. அடிக்கமாட்டேன் என்று சொல்லலாம். சொன்னால் நம்புமா? அடிக்கமாட்டேன், வந்து சொல்லு என்று கூப்பிட்டு, வந்து சொன்ன பிறகு அடித்தது உண்டா? உண்டு. கலர் பென்சில் பெட்டி தொலைந்த அன்றைக்கு.

கை துடைக்கிற துணியை அவள் தேடவில்லை. சோப்பும் எண்ணெயுமாக இருந்த கையைப் புடவையில் தேய்த்துக்கொண்டே கூடத்துக்குப் போனாள். உமையாள் அண்ணாந்து பார்த்தாள். அந்தக் கண்ணில் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தைரியம் வரவில்லை. குனிந்து தொட்டியை எடுத்தாள். எடுக்கும்போது தண்ணீர் தளும்பிச் சுற்றுச்சூழல் புத்தகத்தின் மேல் மஞ்சளாக விழுந்தது. உமையாள், ம்மா, என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். தொட்டி நினைத்ததைவிடக் கனம். இதையா அந்தப் பிள்ளை ஒரு நாள் விட்டு ஒரு நாள் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போகிறது? இத்தனை மாதத்தில் ஒரு தடவை தூக்கிப் பார்க்கவில்லை. வயிற்றோடு அணைத்துக்கொண்டால்தான் முடிகிறது. காலையில் பிள்ளை அணைத்துக்கொண்டு வந்தது அழகுக்காக என்று நினைத்துப் போட்டோ எடுத்தாளே. உள்ளறைக் கதவிடுக்கில் இவருடைய முகம் தெரிந்தது. என்ன பார்வை வேண்டிக்கிடக்கு, போய்ப் படுங்க என்று கண்ணாலேயே சொன்னாள். போய்விட்டார்.

பின்கட்டில் வாளித் தண்ணீர் இருந்தது. நேற்றே பிடித்து, தூசி விழாமல் தட்டுப் போட்டு மூடி வைத்த தண்ணீர். யார் வைத்தது என்று யோசிக்கவே வேண்டாம். மீனை எப்படி எடுப்பது? சிவப்புக் கப்பைக் காணவில்லை. வலை ஒன்று உண்டு, அது எங்கே என்று உமையாளுக்குத்தான் தெரியும். கேட்கலாம். கேட்டால், தொட்டதில் தனக்கும் பங்கு என்று அந்தப் பிள்ளை பயப்படும். செண்பகம் கண்ணை மூடிக்கொண்டு கையை உள்ளே விட்டாள். குளிர்ந்த கொழகொழப்பு. விரலில் அரிசி தட்டியது, பூவிதழ் ஒட்டியது. பிறகு உள்ளங்கைக்குள் ஒன்று வந்து படுத்தது. ஓடவில்லை. துள்ளவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தாள். இவ்வளவு சின்னதா இது? கண்ணாடி வழியே பார்த்தபோது பெரிதாகத் தெரிந்ததே. சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. செதிலெல்லாம் குங்குமத் துணுக்கு. செவுள் ஒரு பக்கம் தூக்கி, நின்று, மறுபடி தூக்கியது. உள்ளங்கையில் அது அடிக்கிறது தெரிந்தது, அவளுடைய நாடியா அதனுடையதா என்று பிரிக்க முடியவில்லை. வாளித் தண்ணீருக்குள் கையை இறக்கி, விரல்களை விரித்தாள். மீன் போகவில்லை. கை மேலேயே சாய்ந்து கிடந்தது. போ, என்றாள். போ சனியனே. சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதற்கும் அதட்டல்தான் வருகிறது. வேறு மாதிரிப் பேசத் தெரியுமா என்று தேடினாள். உமையாளிடம் கடைசியாக எப்போது வேறு மாதிரிப் பேசினாள்? காய்ச்சலில் கிடந்தபோது. அப்போதும்கூட, மாத்திரையைத் துப்பினே தெரியும் சேதி என்றுதான். சோடா, என்று கூப்பிட்டுப் பார்த்தாள். அந்தப் பெயரை அவள் வாய் சொல்வது இதுதான் முதல் தடவை. வெட்கமாக இருந்தது. வால் ஒரு தடவை அசைந்தது. தண்ணீர் ஆடியதால் அசைந்ததோ என்னவோ. கையை எடுக்கப் பயமாக இருந்தது. எடுத்தால் அது அடியில் போய்விடும். எடுக்காமல் இப்படியே எவ்வளவு நேரம் குனிந்து நிற்பது.

“உமை” என்று கூப்பிட்டாள். “இங்க வா. வந்து பாரு.”

கூடத்தில் ஒரு புத்தகத்தை இன்னொரு புத்தகத்தின் மேல் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. தொட்டி இருந்த இடத்தை அடைத்துச் சமன் செய்கிறாள் போலிருக்கிறது, யாருக்கும் வித்தியாசம் தெரியாத மாதிரி. மறுபடி மீனைப் பார்த்தாள். செவுள் தூக்கியது, நின்றது. இந்த முறை நின்ற நேரம் கூடுதலோ? அப்படித் தோன்றுகிறதோ? தண்ணீருக்குள் தன் கை வெளுத்து, யாருடையதோ மாதிரி இருந்தது. அடிக்கமாட்டேன் என்று சொல்லக் கூடாது. அதைச் சொன்னால் அந்த வார்த்தை மட்டும்தான் அங்கே போய்ச் சேரும். வேறு என்ன சொல்வது. மன்னிச்சுக்கோ என்று ஆறு வயதுப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வார்கள், தமிழில் அதற்கு என்ன குரல்? இங்கிலீஷில் என்றால் சாரி என்று ஒரு நொடியில் முடிந்துவிடும், ஒன்றும் ஆகாது. வெறும் காலால் தரையில் நடக்கிற சத்தம் இரண்டடி வந்தது. நின்றது. வளைவுக்கு அந்தப் பக்கம் பட்டுப்பாவாடையின் ஓரம் கொஞ்சம் தெரிந்தது. செண்பகம் கையை அசைக்காமல் கழுத்தை மட்டும் திருப்பினாள். பாவாடை ஓரம் அங்கேயே நின்றது. வரவில்லை, போகவுமில்லை. செண்பகம் குரலைத் தாழ்த்தினாள்.

“நான் தொட்டுட்டேன் உமை. நான்தான் தொட்டேன், நீ இல்ல. என்னைத் திட்டவாவது வாட்டி.”